வண்டி நின்றால் குற்றம்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தை எழுதியவர்களுக்குக் குழப்பமே கிடையாது. கேட்பாரற்றோ உருக்குலைந்தோ சாலையில் கிடந்து போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்யும் வண்டியை உடனே அப்புறப்படுத்தச் சொல்லிப் போலீஸ்காரர் உத்தரவிடலாம். இழுத்துப் போகும் செலவு முழுக்க வண்டிக்காரர் தலையில். பிரிவு 127. வண்டி எதனால் அங்கே வந்து கிடக்கிறது என்று அந்தப் பிரிவு விசாரிப்பதில்லை. மெட்ரோ வேலைக்குத் தோண்டி மூடாத பள்ளத்தில் அச்சு முறிந்ததா, வடிகால் இல்லாத தெருவில் என்ஜின் தண்ணீர் குடித்ததா, அதெல்லாம் சட்டத்துக்கு அநாவசியம்.

அடுத்தது பிரிவு 201. போக்குவரத்துக்கு இடையூறாக வண்டியை நிறுத்தினால் மணிக்கு 50 ரூபாய் வரை என்றிருந்த அபராதத்தை 2019-இல் திருத்தி 500 ரூபாய் வரை ஆக்கினார்கள். கூடவே கொஞ்சம் கருணையும் காட்டினார்கள்: எதிர்பாராமல் பழுதாகி, அப்புறப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருக்கிற வண்டிக்கு அந்த அபராதம் கிடையாது. ஆகவே பொதுமக்களுக்கு என் ஆலோசனை: டிக்கியில் எப்போதும் ஒரு கயிறு இருக்கட்டும். வண்டி நின்றதும் பம்பரில் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறப்படுத்தும் வேலை ஆரம்பமாகிவிட்டது, நீங்கள் நிரபராதி. ரெக்கவரி வண்டி வருகிறவரை, அதாவது மறுநாள் காலைவரை, கயிற்றை விட்டுவிடக் கூடாது. அவ்வளவுதான்.

2023 நவம்பரில் தமிழக அரசு புதுக் கார்களுக்கான ஆயுட்கால வரியை ஏற்றியது. 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. சாலையில் ஓட்டுவதற்காக வாங்கும் வரி இது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் சென்னைப் பக்கம் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் சாலையே காணாமல் போனது. பள்ளிக்கரணையில் ஓர் அடுக்குமாடி வளாகத்திலிருந்து கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போன வீடியோவை ஊரே பார்த்தது. நாலாயிரம் கோடி ரூபாய் வடிகால் எங்கே என்று ஒரு கட்சி கேட்டது, உங்கள் ஆட்சியில் என்ன கிழித்தீர்கள் என்று இன்னொரு கட்சி திருப்பிக் கேட்டது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிய இடத்தில் பிளான் அப்ரூவ் செய்தவர் கட்டணம் வாங்கியிருந்தார், பத்திரம் பதிந்தவர் வாங்கியிருந்தார், சொத்து வரிக்காரர் அரையாண்டுக்கு ஒருமுறை தவறாமல் வாங்கிக்கொண்டிருந்தார். கார் மிதந்த அன்று இவர்களில் ஒருவரும் கயிறு கொண்டு வரவில்லை.

சரி, இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. விபத்திலோ வெள்ளத்திலோ அடிபட்ட காரைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக 1,500 ரூபாய் வரை தருவதாக பாலிசியின் வழக்கமான வாசகம் சொல்கிறது. 2002-ஆம் வருட மோட்டார் டாரிஃபில் இருக்கும் தொகை இது. பெட்ரோல் லிட்டர் நாற்பது ரூபாயைத் தொடாத காலம். அன்றிலிருந்து பிரீமியம் ஏறியது, பிரீமியத்தின் மேல் வரி ஏறியது. இந்த 1,500 மட்டும் வாசகத்தில் அப்படியே குந்தியிருக்கிறது. வெள்ள நாளில் ரெக்கவரி வண்டிக்காரர் போனை எடுத்து “எங்க சார் நிக்குது?” என்று கேட்கிற தோரணைக்கே அந்தப் பணம் சரியாகப் போய்விடும். அதற்கப்புறம் அவர் வாயில் வருவதுதான் விலை. ஆட்டோமேட்டிக் கார் என்றால் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது, கியர் பாக்ஸ் போய்விடும். நாலு சக்கரமும் தரையில் படாமல் பிளாட்பெட்டில் ஏற்ற வேண்டும். அதற்குத் தனி ரேட்.

மழையில்லாத நல்ல நாளில் வண்டி தானாகப் பழுதாகி நின்றால் அந்த 1,500-ம் கிடையாது. இயந்திரப் பழுது பாலிசிக்கு வெளியே. அதற்கு ‘ரோட் சைட் அசிஸ்டன்ஸ்’ என்று தனியாக விற்கிறார்கள். வாங்கி வைத்தவர் டோல் ஃப்ரீ நம்பருக்குப் போன் செய்தால் பத்து நிமிஷம் இசை. பிறகு ஓர் இனிய குரல்: “நீங்க இப்ப பாதுகாப்பான இடத்துல இருக்கீங்களா சார்?” இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறேன் என்றால், “புரியுது சார். உங்க லொகேஷன்ல பக்கத்துல ஏதாவது லேண்ட்மார்க் சொல்லுங்க.” லேண்ட்மார்க்கும் தண்ணீரில்தான் இருக்கிறது, அம்மா.

எல்லாவற்றையும் தாண்டி, எப்படியோ கார் ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்ந்தது என்று வையுங்கள். நாலு நாள் கழித்து சர்வேயர் வருவார். பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டரைக் கையில் எடுப்பார். சேறு சொட்டும். போட்டோ எடுத்துக்கொள்வார். வீட்டில் எல்லோரும் நலமா, கீழ்த்தளமா மேல்தளமா என்று அக்கறையாக விசாரிப்பார். அந்தப் பேச்சோடு பேச்சாக, குரலை ஏற்றாமல், ஒன்று கேட்பார்: “தண்ணி வந்தப்புறம் ஒரு தடவையாச்சும் ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?”

இந்த நாட்டில் உண்மை பேசுகிறவனுக்கு என்ன விலை என்று தெரிய வேண்டுமா? ஆமாம் என்று சொல்லிப் பாருங்கள். நின்ற வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்ததால்தான் சிலிண்டருக்குள் தண்ணீர் ஏறி கனெக்டிங் ராடு வளைந்தது, ஆகவே இது வெள்ளச் சேதமில்லை, உங்கள் கைச்சேதம் என்று எழுதிவிடுவார்கள். ‘கன்சிக்வென்ஷியல் லாஸ்’ என்று அதற்கு ஒரு நாமகரணம். என்ஜினைக் காப்பாற்ற இன்னொரு பாலிசி தனியே உண்டே, வாங்கவில்லையா என்று அப்போதுதான் கேட்பார்கள். தெருவைக் குளமாக்கியவனுக்குப் பின்விளைவு கிடையாது. சாவியைத் திருகியவனுக்கு உண்டு!

நெடுஞ்சாலையில் சங்கதி கொஞ்சம் தேவலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1033-க்கு அடித்தால் சுங்கச்சாவடிக்காரர்களின் ரோந்து வண்டி வரும், கிரேனும் வரும். ஆனால் அந்தக் கிரேனின் வேலை சாலையைக் காலி செய்வது. உங்களை ஓரமாக வைத்துவிட்டு அது போய்விடும். பின்னால் வருகிறவர் தடையின்றி வந்து அடுத்த சாவடியில் கட்டணம் செலுத்த வேண்டுமல்லவா?

2024 அக்டோபரில் கனமழைக்கு ரெட் அலர்ட் என்றதும் வேளச்சேரிக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். காரை மேம்பாலத்தில் ஏற்றி வரிசையாக நிறுத்தினார்கள். அபராதம் போடுகிறார்கள் என்று செய்தி பரவியது, அப்படியெல்லாம் இல்லை என்று போலீஸ் மறுத்தது. மறுத்தவரை சந்தோஷம். லட்சக்கணக்கில் வரி கட்டி வாங்கிய வண்டிக்குப் பாலத்தின் முதுகைத் தவிர வேறு பத்திரமான இடம் இந்த மாநகராட்சி எல்லைக்குள் இல்லை என்பதற்காக யாராவது ஓர் அதிகாரிக்கு அபராதம் போட்டார்களா என்பதுதான் எந்தச் செய்தியிலும் வரவில்லை.

காரா, பணக்காரன் பிரச்சினை என்று சிலர் உச்சுக்கொட்டலாம். எங்கள் தெருவில் கால் டாக்ஸி ஓட்டுகிறவரைக் கேளுங்கள். கார் அவர் பேரில், கடன் அவர் பேரில், கமிஷன் மட்டும் கம்பெனி பேரில். மிக்ஜாம் அன்று நடுவழியில் தண்ணீர் ஏறி நின்றபோது சவாரியை ரத்து செய்ய ஆப் காரணம் கேட்டது. வாடிக்கையாளர் வரவில்லை, முகவரி தவறு என்று வரிசையாக இருந்த காரணங்களில் வண்டி மூழ்கிவிட்டது என்று ஒன்று இல்லை. ஏதோ ஒன்றை அழுத்தினார். கேன்சல் கணக்கில் அவர் பேர் ஏறியது. ரேஷன் கடையில் அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணத்தை வாங்கி அப்படியே ரெக்கவரி வண்டிக்காரரிடம் கொடுத்தார், மிச்சத்துக்கு மனைவியின் கம்மல் போனது. புயலுக்கு மறுநாள் சென்னையில் பாதி ஏரியாவில் கரண்ட் இல்லை, டவர் இல்லை, பால் இல்லை. அந்த 5-ஆம் தேதி அவர் கணக்கிலிருந்து இஎம்ஐ எடுக்க வேண்டிய சர்வர் மட்டும் எந்தத் தண்ணீரிலும் மூழ்கவில்லை. கணக்கில் பணம் இல்லாததற்கு பவுன்ஸ் சார்ஜையும் சேர்த்தே போட்டது.