மரியாதைக்குரிய ஒருவர் தேவை

ஜப்தி செய்ய வரும் கோர்ட் அமீனாவை நேரில் பார்க்காதவர்கள்தான் அவருக்குப் பயப்படுகிறார்கள். நான் பார்த்திருக்கிறேன். உச்சி வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து எங்கள் வாசலில் நின்று அவர் முதலில் கேட்டது குடிக்கத் தண்ணீர். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் வாரண்ட், சட்டைப் பையில் மசி கசிந்த பேனா. கூட ஒரு பியூன். இருவருக்கும் பின்னால், முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு சீட்டுக் கம்பெனி ஆள். எடுக்க வேண்டிய பொருளை அடையாளம் காட்ட வந்தவர் அவர்தான். எங்கள் வீட்டை எட்டிப் பார்த்ததும், எதை அடையாளம் காட்டுவது என்று அவருக்கே குழப்பமாகிவிட்டது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. சீட்டை எடுத்தவர் என் தாய்மாமா, ஜாமீன் போட்டவர் அப்பா. "சும்மா ஒரு கையெழுத்துதான், அத்தான்" என்று மாமா பேனாவைக்கூட மூடி கழற்றிக் கொடுத்தாராம். அந்தப் பணத்தில் ரைஸ் மில் வைத்தார். மில் ஓடவில்லை, மாமா ஓடினார்.

"வாங்கினவனைப் பிடிக்காம ஜாமீன் போட்டவன் வீட்டுக்கு வர்றது என்ன நியாயம்?" என்று தெருவே கொதித்தது. நியாயமோ இல்லையோ, சட்டம் அதுதான். 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் 128ஆம் பிரிவைப் பார்த்தால் தெரியும்: கடனாளிக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. கட்டிய பணத்தை மாமாவிடமிருந்து வசூலித்துக்கொள்ளும் உரிமையையும் அதே சட்டம் அப்பாவுக்குத் தந்திருக்கிறது. ஆனால் அம்மா இருக்கும் வீட்டில் அந்த உரிமை செல்லாது.

சீட்டுக் கம்பெனியையும் குறை சொல்ல முடியாது. இந்தியாவில் வழக்காடுகிறவனுக்குக் கஷ்டம் தொடங்குவதே டிக்ரி, அதாவது சாதகமான தீர்ப்பு, வாங்கிய பிறகுதான் என்று லண்டனில் உட்கார்ந்துகொண்டே பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. அதுவும் அதே 1872இல்தான். டிக்ரி வாங்கினால் நிறைவேற்றிக்கொள்ள 12 வருஷம் அவகாசம். அது சலுகை மாதிரித் தெரியும். உண்மையில் அனுபவஸ்தர்கள் போட்ட கணக்கு. நிறைவேற்று மனு போட்டு, வாய்தா வாய்தாவாக நடந்து, பேட்டா கட்டி, கடைசியில் அமீனாவை எங்கள் தெருவுக்குக் கூட்டி வருவதற்குள் அந்தக் கம்பெனி ஆளுக்குக் காதோர முடி நரைத்திருந்தது.

அமீனா வரப்போகிறார் என்று முன்பே கசிந்துவிட்டதால் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. எதிர்வீட்டு ரிடையர்டு போஸ்ட்மாஸ்டர் சார், "சூரியன் மறையற வரைக்கும் சமாளிச்சிடுங்க. அப்புறம் அவனால உள்ளே நுழைய முடியாது" என்றார். அது சரிதான். அஸ்தமனத்துக்குப் பிறகும் உதயத்துக்கு முன்பும் ஜப்திக்காக வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டமே சொல்கிறது. ஆனால் அமீனா வந்தது காலை பதினோரு மணிக்கு. உடனே சூரியன் மறைய அப்பா என்ன, துருவப் பிரதேசத்திலா குடியிருந்தார்? "கதவைச் சாத்திக்கிட்டா ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் இன்னொருவர். அது தப்பு. கடனாளியே குடியிருக்கும் வீடாக இருந்து, அவரே வழி மறித்தால் கதவை உடைக்கலாம். கதவு வீட்டுக்காரருடையது என்பதால் அப்பா திறந்தே வைத்தார்.

பிறகு லிஸ்ட் எடுக்கும் படலம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு தயாள குணம் உள்ளது. உடுக்கும் துணி, சமைக்கும் பாத்திரம், கட்டில், படுக்கை இவற்றைத் தொடக் கூடாது. வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகையைத் தொடக் கூடாது. அதாவது தாலி தப்பியது. தொழிலாளியின் கருவிகள், விவசாயியின் ஏர், மாடு, விதைநெல், கணக்குப் புத்தகம் எதையும் தொடக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்தது கடைசியில் வரும் ஒன்று: என்றைக்காவது வாரிசாகச் சொத்து வரும் என்ற எதிர்பார்ப்பை ஜப்தி செய்ய முடியாது. பெரியப்பாவின் தென்னந்தோப்பைப் பற்றி எங்கள் வீட்டில் பேசிக்கொண்டதெல்லாம் அப்படியே பத்திரமாகத் தப்பியது.

இதையெல்லாம் கழித்தால் மிஞ்சியவை ஒரு பீரோ, ஒரு கிரைண்டர், ஒரு சாலிடேர் டி.வி. பீரோவுக்குள் இருந்தவை புடவைகள், ஆகவே பீரோவை மட்டும் எடுக்கலாம். அம்மா ஒவ்வொரு புடவையாக எடுத்துக் கட்டிலில் அடுக்க, தெருப் பெண்கள் ஜன்னல் வழியாக எண்ணினார்கள். அமீனா வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "மெதுவா எடுங்கம்மா, அவசரமில்ல" என்றார். அம்மா அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். பாலும் சர்க்கரையும் எந்தப் பிரிவில் வரும் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த சிக்கல் வண்டி. தூக்குகிற கூலியும் வண்டி வாடகையும் சேர்ந்தால் பீரோவின் விலையைத் தொட்டுவிடும் என்று கம்பெனி ஆள் மனக்கணக்குப் போட்டு முகம் சுருங்கினார். இதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. எளிதில் நகர்த்த முடியாத பொருளை அங்கேயே, 'மரியாதைக்குரிய' ஒருவர் பொறுப்பில் விட்டுவிடலாம் என்று 1976இல் ஒரு விதி சேர்த்தார்கள். அமீனா பேனாவை எடுத்துக்கொண்டு தெருவைப் பார்த்துக் கேட்டார்: "இந்தத் தெருவுல மரியாதைக்குரியவங்க யாராவது இருக்கீங்களா?"

அப்படி ஒரு நிசப்தத்தை எங்கள் தெரு பார்த்ததில்லை. கையெழுத்துப் போட வேண்டும் என்றதும் பாதிக் கூட்டம் மரியாதையைத் துறந்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டது. ஜாமீன் கையெழுத்தால் வந்த வினை கண்ணெதிரே நடக்கும்போது யார் முன்வருவார்கள்? போஸ்ட்மாஸ்டர் சார் மட்டும் தொண்டையைக் கனைத்தார். பீரோவும் கிரைண்டரும் இங்கேயே இருக்கட்டும், டி.வி.யை மட்டும் பாதுகாப்புக்காகத் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' எதிர்வீட்டுக் கூடத்தில் ஓடியது. எங்கள் டி.வி., எங்கள் ஸ்டெபிலைசர். நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து பாட்டு மட்டும் கேட்டோம். "பொருள் ஓடற நிலையில இருக்கான்னு அப்பப்போ பார்க்கணும் இல்லையா?" என்று மறுநாள் சார் அப்பாவிடம் சொன்னார். கடமை தவறாத மனுஷர். ஞாயிற்றுக்கிழமை சினிமாவையும் விடாமல் சோதித்தார்.

ஏலம் வரைக்கும் போகவில்லை. "தெருவுல தலைகாட்ட முடியல" என்று அம்மா வளையல்களைக் கழற்றி அடகுக்கடைக்குக் கொடுத்தனுப்பி, பணத்தைக் கோர்ட்டில் கட்டச் சொல்லிவிட்டாள். சட்டம் தாலியை விட்டுவைத்தது, பாத்திரத்தை விட்டுவைத்தது. மானத்தை மட்டும் எந்த விலக்குப் பட்டியலிலும் சேர்க்கவில்லை. சேர்த்தால் ஒரு ரூபாய் வசூலாகாது என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பீரோவை ஏலத்தில் யார் எடுத்திருப்பார்கள்? அதன் கதவைத் திறக்க இடது முழங்காலால் முட்ட வேண்டும்.

இப்போது மானத்தை வாங்கும் வேலையை போனே செய்கிறது. கடன் வசூலிக்கிறவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. பழைய சூரிய அஸ்தமன விதியேதான். ஆனால் அமீனா எங்கள் தெருவுக்கு மட்டும்தான் வந்தார். சில வசூல்காரர்கள் நம் போனில் பெயர் இருக்கிற அத்தனை பேர் வீட்டுக்கும் போகிறார்கள், காபி கூடக் குடிக்காமல்.

மானத்துக்கு அஞ்சாத ஒரே கடனாளி அரசாங்கம்தான். அதன்மேல் டிக்ரி ஆனால் மூன்று மாசம் பொறுத்துத்தான் கை வைக்க முடியும். அதற்குப் பிறகும் பணம் வராது. கையகப்படுத்திய நிலத்துக்கு இழப்பீடு தராத வழக்கில் கலெக்டர் ஆபீஸ் நாற்காலி, மேஜை, ஜீப் வரை ஜப்தி செய்ய அமீனா போன செய்தி நம் பேப்பர்களில் அடிக்கடி வரும். அவகாசம் கேட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பார்கள், தூக்கிய நாற்காலியை இறக்கி வைப்பார்கள், அதிகாரி அதிலேயே உட்காருவார். பஸ் ஸ்டாண்டில் நடப்பது இன்னும் விசேஷம். விபத்து நஷ்டஈடு கட்டாத போக்குவரத்துக் கழகத்தின் பஸ் ஒன்றைப் பிடித்து நிறுத்துவார்கள். டிக்கெட் வாங்கிய ஜனங்கள் மூட்டை முடிச்சோடு இறங்க வேண்டும். "கடன் யாருதுப்பா, நம்மளதா?" என்று ஒரு பெரியவர் கேட்டதை நானே கேட்டிருக்கிறேன்; டிரைவர் பதில் சொல்லவில்லை. காலி பஸ் கோர்ட் வளாகத்துக்குள் போய் நிற்கும். வக்கீல்கள் டூ வீலர் நிறுத்துகிற வேப்பமரத்து நிழல் முழுவதையும் அது அடைத்துக்கொள்ளும். அடுத்த நாளிலிருந்து நஷ்டஈட்டைச் சீக்கிரம் கட்டித் தொலையுங்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீலையும் முந்திக்கொண்டு கழகத்தின் வக்கீலை நச்சரிப்பவர், ஸ்கூட்டரை வெயிலில் விட்ட ஜூனியர்.