கத்தரிக்காய் செய்த பாவம்

நம் ஊரில் ஒருவன் பைக்கிலிருந்து விழுந்து காலில் நாலு தையல் போட்டால், முதல் தண்டனை கத்தரிக்காய்க்குத்தான். "புண்ணு ஆறாது, சீழ் வச்சிடும்" என்று பெரியம்மா தீர்ப்பு சொல்லிவிடுவார். அடுத்து கருவாடு, மீன், முட்டை. காயம் ஆறத் தேவையான புரதத்தை எல்லாம் நாடு கடத்திவிட்டு, ரசஞ்சோற்றோடு பையனைப் படுக்க வைப்பார்கள். சாயங்காலம் பார்க்க வருகிற நண்பன் கையில் சிவப்பாக ஒரு எனர்ஜி டிரிங்க் பாட்டில். "குடிடா மாப்ள, தெம்பு வரும்." மூடியைத் திறந்து கொடுப்பவரே பெரியம்மாதான். அதில் கத்தரிக்காய் இல்லையே!

இந்தத் தீர்த்தத்தில் என்னதான் இருக்கிறது? உதாரணத்துக்கு, ரெட்புல் 250 மில்லி டப்பாவில் 27 கிராம் சர்க்கரை, கூடவே காஃபீன். ஏறக்குறைய ஏழு ஸ்பூன் சர்க்கரை. டீக்கடையில் ஏழு ஸ்பூன் போட்டு ஒரு டீ கேட்டுப் பாருங்கள், மாஸ்டர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். அதையே ஜில்லென்று டப்பாவில் அடைத்தால் 'எனர்ஜி'. இத்தனைக்கும் நம் உணவுச் சட்டத்தில் இதன் பெயர் வெறும் காஃபீன் பானம். எனர்ஜி என்பது விற்பவன் வைத்த செல்லப் பெயர்.

காயம் ஆறுவது கொத்தனார் வேலை மாதிரி. ரத்தம் உறைய வேண்டும். வெள்ளையணுக்கள் வந்து கிருமியைத் தின்று குப்பையை அள்ள வேண்டும். கொலாஜன் நாரைப் பின்ன வேண்டும். ஓரத்திலிருந்து புதுத் தோல் நகர்ந்து வந்து மூட வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை ஏறியே கிடந்தால் வெள்ளையணு மந்தமாகிறது, சன்னமான ரத்தக் குழாய் கெடுகிறது, கொலாஜனில் சர்க்கரை ஒட்டி நார் விறைக்கிறது. சர்க்கரை நோயாளியின் கால்விரலை எடுப்பது இந்தக் கதையின் கடைசி அத்தியாயம். காஃபீன், தோல் செல்கள் பெருகி நகர்வதைத் தாமதப்படுத்துவதாக ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். தட்டில் வளர்த்த செல்லில் கண்டதை அப்படியே மனிதக் காலுக்கு ஏற்றிச் சொல்ல நான் ஒன்றும் விளம்பரம் எழுதுகிறவன் இல்லை. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு இந்தப் பானத்தைக் குடித்தவன் கொட்டக் கொட்ட விழித்துக் கிடப்பதைப் பார்க்க ஆய்வகம் வேண்டியதில்லை. உடம்பு தன்னைப் பழுதுபார்க்கிற நேரமே அந்தத் தூக்கம்தான். போதாக்குறைக்குப் பானத்தின் புளிப்பு பல் எனாமலையும் அரிக்கும்.

பாட்டிலின் நெஞ்சில் மின்னல் படம். முதுகில் எறும்பு எழுத்தில், அதுவும் இங்கிலீஷில், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் உகந்ததல்ல என்று ஒரு வரி. பூதக்கண்ணாடியோடு கடைக்குப் போகிற ஆறாம் வகுப்புப் பிள்ளை எவனாவது உண்டா? அந்தப் பாட்டிலோ பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையில், சரியாக அவன் கண் உயரத்தில், இருபது ரூபாய்க்கு நிற்கிறது. லித்துவேனியா 2014லேயே 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்றது. போலந்து 2024இல் அதையே செய்தது. அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் உடம்பு தோலாலும் ரத்தத்தாலும் ஆனது போலிருக்கிறது. நம் பிள்ளைகளை எதில் செய்தார்களோ!

ரெட்புல்லின் 'சிறகு தரும்' விளம்பரம் ஏமாற்று என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2014இல் ரெட்புல் தவறை ஒப்புக்கொள்ளாமலே 1.3 கோடி டாலருக்குச் சமரசத்துக்கு வந்தது. குடித்து ஏமாந்தவருக்கு அறிவித்த இழப்பீடு 10 டாலர் பணம், அல்லது 15 டாலருக்கு அதே கம்பெனிச் சரக்கு! பாம்பு கடித்தவன் வீட்டுக்கு இன்னொரு பாம்பைச் சீர்வரிசையாக அனுப்புவதற்கும் ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்.

நாளைக்கு யாரையாவது பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்களா? அந்த இருபது ரூபாயில் இரண்டு அவித்த முட்டை வாங்கிப் போங்கள். பெரியம்மா திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.