பத்துக்குப் பன்னிரண்டு

நார்செட்டுக்குப் படிக்கும் நர்ஸ் இருக்கிற வீட்டில் யாரும் சும்மா தலைவலி என்று சொல்லிவிட முடியாது. எங்கே வலி, எப்போதிலிருந்து, பத்துக்கு எத்தனை என்று விசாரணை தொடங்கிவிடும். மாமியார் எப்போதும் பத்துக்குப் பன்னிரண்டு போடுவார்.

டெல்லி எய்ம்ஸ் நடத்தும் தேர்வு அது. எய்ம்ஸில் நர்சிங் ஆபீசர் ஆக வேண்டுமானால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். தப்பான விடைக்கு மூன்றில் ஒரு மார்க் பிடித்துக்கொள்வார்கள். அதனால் அம்மணி இப்போதெல்லாம் "சாம்பாரா, ரசமா?" என்று கேட்டால்கூட யோசித்துத்தான் வாய் திறக்கிறார்.

நைட் டூட்டி முடித்து வந்து பையனை ஸ்கூலுக்கு எழுப்புவதும் பயிற்சிதான். கூப்பிட்டால் கண் திறக்கிறான்: 3. சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்கிறான்: 3. எழுந்திரு என்றால் எழவில்லை, கிள்ளினால் கையைத் தட்டிவிடுகிறான்: 5. நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ கணக்கில் 15-க்கு 11. "அட்மிஷன் போட வேண்டிய கேஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.

ஒருநாள் கணவர் தோசைக்கல்லில் விரலைச் சுட்டுக்கொண்டு அலறினார். "முதல்ல என்ன செய்யணும்? பேஸ்ட், ஐஸ், நெய், ஓடுற தண்ணி" என்று நாலு ஆப்ஷன் வந்தது. மனிதர் பதில் சொல்லாமல் குழாயடிக்கு ஓடினார். "கரெக்ட்!" அடுத்தது அளவு. ஒரு கை முழுக்க வெந்தால் உடம்பில் 9 சதவீதம். விரல்களோடு உள்ளங்கை மட்டும் என்றால் ஏறக்குறைய 1. "உங்களுது புள்ளிக்கு அப்புறம்தாங்க வருது, கத்தாதீங்க."

இந்தத் தேர்வுக் கேள்விகளில் வரும் ஆஸ்பத்திரி எந்த ஊரில் இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. அங்கே நர்ஸுக்கு ஒரே நோயாளி. மூச்சுத் திணறினாலும் நாம் விடையைத் தேர்ந்தெடுக்கும்வரை பொறுமையாக இருப்பார். நம் வார்டில் ராத்திரி இரண்டு மணிக்கு நாலு கட்டிலிலிருந்து "சிஸ்டர்!" என்று குரல் வரும், அதில் ஒன்று ஃபேன் போடச் சொல்லி. 1,000 மில்லி சலைன், 8 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு செட் என்றால் நிமிடத்துக்கு 42 சொட்டு. எண்ணிச் சரிசெய்துவிட்டு இந்தப் பக்கம் திரும்புவதற்குள், நோயாளியின் மச்சான் ரோலரைத் தள்ளி முழுசாகத் திறந்துவிட்டிருப்பார். "சீக்கிரம் இறங்கினா சீக்கிரம் வீட்டுக்குப் போலாம்ல?" மச்சானைப் பற்றி எந்த கொஸ்டின் பேங்கிலும் ஒரு கேள்வி கிடையாது.

அதற்காகப் பரீட்சையைக் குறை சொல்ல மாட்டேன். "டாக்டருக்குத் தகவல் சொல்" என்ற ஆப்ஷன் பெரும்பாலும் பொறி. முதலில் நோயாளியைப் பார், அளக்க வேண்டியதை அள என்பார்கள். அளக்காமல் டூட்டி டாக்டருக்குப் போன் போட்டுப் பாருங்கள். "பிபி எவ்வளவு, சாச்சுரேஷன் எவ்வளவு?" என்பார். நெகட்டிவ் மார்க் அந்தப் போனிலேயே விழும்.

உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால், ரிசல்ட் வரும்வரை அவர் காதுபட இருமாதீர்கள். நிஜமாகவே நெஞ்சு வலித்தால் மட்டும் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டச் சொல்லுங்கள்.