தொண்ணூறு அடிச் சாலையில் தர்க்க சாஸ்திரம்

சென்னையிலே நான்கு பண்டிதர்கள் ஒரே சமயத்தில் பேசி, ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாதபடி காத்துக்கொள்ளும் அந்த மகத்தான வாதப் பிரதிவாதம், யூடியூப் மார்க்கமாக மும்பைத் தாராவியின் தொண்ணூறு அடிச் சாலைவரை வந்து சேர்ந்து, இட்லிக் கடை பெஞ்சில் கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துக் கேட்கும் திருநெல்வேலி அண்ணாச்சியின் அபிப்பிராயத்தை இம்மியளவேனும் மாற்றியதாகத் தெரியவில்லை. "போட்டாம் பாத்தியாடே ஒரு போடு!" என்று அவர் குதூகலிப்பது, ஏற்கெனவே தம் மனத்தில் இருந்ததைத் தம் கட்சிக்காரர் உரக்கச் சொல்லும்போதுதான், எதிர்க்கட்சிக்காரர் வாய் திறந்தால், சாம்பார் கேட்கத் திரும்பிவிடுகிறார்.

அபிப்பிராயம் மாறாத விஷயத்தில் வாக்குக் கணக்கும் அண்ணாச்சி பக்கமே. 2004 முதல் 2019 வரை நான்கு சட்டசபைத் தேர்தல்களில் காங்கிரஸின் வர்ஷா கெய்க்வாடையும், 2024இல் அவர் தங்கை ஜோதியையும் தாராவி தேர்ந்தெடுத்தது. பக்கத்துச் சயான் கோலிவாடாவோ 2014 முதல் மூன்று முறையும் பாரதிய ஜனதாவின் கேப்டன் தமிழ்ச்செல்வனையே அனுப்பியது. இடையில் எத்தனை பண்டிதர்களுக்குத் தொண்டை கட்டிப்போயிற்றோ!

மனம் மாறுவதைக் காண வேண்டுமாயின், தாராவிப் புனரமைப்புத் திட்டத்துக்கு வீட்டை அளக்க ஆள் வரும் வேளையில் காண வேண்டும். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குக் காகிதம் இருந்தால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவசம், மாடியில் இருப்பவருக்கு இடம் வெளியே என்ற விதியைக் கேட்ட மாத்திரத்தில், கீழ்வீட்டு எதிர்ப்பாளர் ஆதரவாளராகவும், மேல்வீட்டு ஆதரவாளர் பரம எதிர்ப்பாளராகவும், ஒரே இரும்பு ஏணியின் இரு முனைகளில், எந்தப் பண்டிதரின் ஒத்தாசையுமின்றி மாறிவிடுகிறார்கள்.