கியூவின் பிரிவாற்றாமை: எழுத்துவழிச் சொல் தேடுதல் குறித்து ஓர் ஆய்வு

தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்களால் ஆனது. எழுத்துக் காய்களைப் பலகையில் கோத்துச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆடுவோர் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இன்ன எழுத்து வருகிற ஆங்கிலச் சொல் எது என்று அகராதியைக் குடைகிறவருக்கு, அகப்பட்ட சொல்லின் அர்த்தம் என்ன என்ற கேள்வியே எழுவதில்லை. இதை அரைகுறைப் படிப்பு என்று பண்டிதர்கள் ஒதுக்கக்கூடும். அர்த்தத்தைத் துறந்தவரே இந்த ஆட்டத்தில் கரையேறுவார் என்பது இக்கட்டுரையின் துணிபு.

சான்றுக்குக் கியூ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்து இந்த ஆட்டத்தின் காய்களை வகுத்தார். மொத்தம் 100 காய்கள். அவற்றில் ஈ 12, யூ 4, கியூ ஒன்றே ஒன்று. அதன் மதிப்பு 10 புள்ளி. ஆங்கிலத்தில் யூவின் துணையில்லாமல் கியூ வாசல் தாண்டுவது அரிது. ஆனால் கியூ நம் கைக்கு வருகிற வேளையில் நான்கு யூவும் பலகையில் குடியேறியிருக்கும். ஆட்டம் முடியும்போது கியூ கையில் தேங்கினால் நமக்கு 10 கழியும்; காய்களை முதலில் தீர்த்த எதிராளிக்கு அதே 10 கூடும். இந்த இக்கட்டில் கைகொடுப்பது, சீனத்திலிருந்து ஆங்கில அகராதிக்குள் நுழைந்த கியூ-ஐ என்ற ஈரெழுத்துச் சொல். வலப்பக்கம் ஓர் ஐ, கீழே ஓர் ஐ இருக்கிற, எழுத்தின் மதிப்பை மும்மடங்காக்கும் கட்டத்தில் கியூவை வைத்தால் குறுக்கே 31, நெடுக்கே 31, ஆக 62 புள்ளி. உயிராற்றல் என்பது அச்சொல்லின் அர்த்தம். அந்த 62இல் உயிராற்றலின் பங்கு ஒரு புள்ளிகூட இல்லை.

இதைவிட வலுவான சான்று நியூசிலாந்துக்காரரான நைஜல் ரிச்சர்ட்ஸ். பிரெஞ்சு பேசத் தெரியாத இவர் 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிளின் உலகப் பட்டத்தை வென்றார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் வென்றார். இதில் வியக்க ஒன்றுமில்லை. தாய்மொழிக்காரருக்குப் பேச்சில் புழங்காத சொல்லைக் கண்டால் ஐயம் வரும். பழகிய சொல்லைக் கண்டால் மனம் அதன் நினைவுகளில் மேயப் போய்விடும். அர்த்தம் அறியாதவருக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர் முன்னால் எல்லாச் சொல்லும் ஒரே சாதி, வெறும் எழுத்து வரிசை.

குறுக்கெழுத்துப் புதிரின் குறிப்பு அர்த்தத்தைத்தானே கேட்கிறது என்று ஒருவர் மறுக்கலாம். உண்மைதான். ஆனால் இரண்டாம் கட்டத்திலும் ஐந்தாம் கட்டத்திலும் எழுத்து விழுந்த மறுகணமே புதிர் போடுபவர் குறிப்பை விட்டுவிட்டு, அந்த இடைவெளியில் எது பொருந்தும் என்றுதான் தேடுகிறார். 2021இல் பரவலான ‘வேர்டில்’ என்னும் இணையச் சொல்லாட்டம், குறிப்பையே ஒழித்துவிட்டுப் பச்சை, மஞ்சள், சாம்பல் என்று நிறத்தால் மட்டுமே பதில் சொல்கிறது. எழுத்தைக் கொடுத்தால் சொல்லைக் கொட்டுகிற கருவிகள் வந்தபின் இந்தக் கலை அழிந்ததே என்பது அடுத்த மறுப்பு. கருவி நூறு சொல் தரும். அவற்றுள் எது இந்தப் பலகையில் அமரும் என்று அது சொல்லாது.

கடைசி மறுப்பே கடுமையானது. பொருளதிகாரம் அகராதி அர்த்தத்தையா பேசுகிறது? அது பேசுவது அகமும் புறமும் அல்லவா? ஒப்புக்கொள்கிறோம்; அதனால் நம் துணிபு மேலும் உறுதிப்படுகிறது. பலகையில் குடியேறிவிட்ட யூவை நினைத்துக் கையிலே ஆற்றியிருக்கும் கியூவின் நிலை அகத்திணையில் முல்லை. எதிராளி கண்வைத்திருந்த மும்மடங்குக் கட்டத்தை முந்திக் கவர்ந்துவருவது புறத்திணையில், ஆநிரை கவரும் வெட்சி. அர்த்தத்தைத் துறந்த ஆட்டக்காரர் மூன்றாம் அதிகாரத்தையும் விட்டுவைக்கவில்லை.