ஜன்னலோர இருக்கை: வெள்ளகோவில்–சிங்காநல்லூர் தடத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

இவ்வாய்வின் எல்லை வெள்ளகோவிலில் தொடங்கி, காங்கயம், பல்லடம், சூலூர் வழியாகச் சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் முடிகிறது. விமானத்தை ஏன் விட்டீர்கள் என்று நெறியாளர் கேட்கக்கூடும். கோவையிலிருந்து ஷார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் பறக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அங்கே சீட்டு எண்ணை அச்சடித்தே கையில் கொடுத்துவிடுகிறார்கள். போயிங் 737 சிலவற்றில் 11ஆம் வரிசை ஜன்னலோரத்தில் ஏசி குழாய் ஓடுவதால் ஜன்னலே இராது என்பது ஒன்றுதான் சுவையான சிக்கல். அதையும் வெளிநாட்டார் எழுதித் தீர்த்துவிட்டார்கள்.

இத்துறையில் இரு பள்ளிகள் உண்டு. வலப்பக்கத்தார், காங்கயம் வரும்போது உட்கார்ந்தபடியே சிவன்மலை முருகனுக்கு ஒரு கும்பிடு போடலாம் என்பர் (டீக்கடை வாய்மொழி). இடப்பக்கத்தார், தெற்கே சுழலும் காற்றாலைகளே காட்சி என்பர் (மேற்படி டீக்கடை, இரண்டாம் கிளாஸ்). களத்தில் காயும் தேங்காய்ப் பருப்பு இரு பக்கமும் உண்டு, வாசமும் உண்டு. ஆகவே அது சான்றாகாது.

வெயிலே இதற்குத் தீர்ப்பு சொல்லும். நம்மூர் ஏறக்குறைய 11 பாகை வட அட்சத்தில் இருப்பதால், சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சி வெயில் வடக்கே சாயும். மேற்கே போகும் வண்டியில் அப்போது இடப்பக்கம் நிழல். மற்ற மாதங்களில் வலப்பக்கம். ஆனால் ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே வந்து அந்த நிழல் ஜன்னல் வழியாகவே கண்ணில் மண்ணை அள்ளிப் போடும். காற்றாலையைச் சுழற்றுவதும் அதே காற்றுதான் என்பதால், காட்சி உச்சத்தில் இருக்கும்போது காண்பவர் கண்ணை மூடியிருப்பார் என்பது இக்கட்டுரையின் முதல் கண்டுபிடிப்பு.

டயர் சீட்டு: முழங்கால் தாடையைத் தொடும். விலக்குக.

இனி துண்டு. வண்டி நிலையத்துக்குள் திரும்பும்போதே வெளியிலிருந்து ஜன்னல் வழியே துண்டை எறிந்து இடம் பிடிக்கும் மரபு இருக்க, எந்தப் பக்கம் சிறந்தது என்ற வினாவே இரண்டாம்பட்சம். துண்டு, கைக்குட்டை, மஞ்சப்பை, ஒற்றைச் செருப்பு, பச்சைக் குழந்தை என உரிமைச் சின்னங்கள் ஏறுவரிசையில் வலிமை பெறும். குழந்தையை உள்ளே நீட்டியவரை எந்த வழக்கிலும் வெல்ல முடியாது. முன்சீட்டில் விழுந்த துண்டைப் பின்சீட்டு ஜன்னலோடு “மாட்டி”ப் பொருள் கொள்வோர் நச்சினார்க்கினியர் நெறியினர். துண்டு போட்டவர் ஏறுமுன் இன்னொருவர் உட்கார்ந்துவிட்டால் நிகழும் உரையாடல் தடம் முழுக்க ஒன்றே:

“ஏனுங், துண்டு கெடக்குதுங்கல்ல?”

“கெடந்துச்சுங். மடிச்சு வெச்சிருக்கறனுங்.”

மடித்தல் உரிமையை ஒழிக்குமா, காக்குமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. காக்கும் என்பார் டீக்கடை உரைகாரர் (மேற்படி, கடனுக்குக் குடித்த மூன்றாம் கிளாஸ், சர்க்கரை குறைவு, பெஞ்சின் மறுமுனையில் இருந்தவர் எழுந்துவிட்டமையால் இவ்விடத்துப் பாடம் சிதைந்துள்ளது). ஒழிக்கும் என்பது பாடபேதம் (மேற்படி பெஞ்சு, நிமிர்த்திய பின்).

முன்ஜன்னல்காரர் வாந்தி எடுப்பவராயின் மேற்கண்ட விதிகள் யாவும் ரத்து.

இக்கட்டுரையை மூன்று தலைப்புகளில் மூன்று கருத்தரங்குகளில் வாசிக்க எண்ணம். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் மச்சான் மேடையில் உட்காரச் சம்மதித்திருப்பதால் மூன்றும் பன்னாட்டுக் கருத்தரங்குகளே. பதிவுக் கட்டணம் கட்டியோர் கட்டுரை ஆய்வுக்கோவையில் வரும். கட்டியதே அதன் தரத்துக்குச் சான்று.

முடிபு: சித்திரை, வைகாசியில் இடப்பக்கம், ஐப்பசி முதல் மாசி வரை வலப்பக்கம், ஆடியில் எந்தப் பக்கமானாலும் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்குக. “கோயமுத்தூர் டிக்கெட் மட்டும் ஏறுங்க” என்று கண்டக்டர் குரல் கொடுக்கும்போது காங்கயத்தில் இறங்குவோர் தயவுசெய்து ஜன்னலோரத்தை விட்டுக்கொடுக்கவும். துண்டு எறிவோர் துவைத்ததை எறியவும்.