லினக்ஸில் அரட்டை அடிப்பது எப்படி?

விண்டோஸைத் துடைத்துவிட்டு உபுண்டு போட்டாயிற்றா? வாழ்த்துகள். இனி உற்றார் உறவினரோடு அரட்டை அடிக்க, கீழ்க்கண்ட படிகளை வரிசை மாறாமல் செய்யவும்.

படி 1: பிட்ஜினை நிறுவுங்கள். எல்லா அரட்டைச் சேவைகளையும் ஒரே இடத்தில் சேர்க்கும் என்று பேர்வாங்கிய மென்பொருள். முன்பு கெய்ம் (Gaim) என்று பெயர். தன் அரட்டைச் சேவையான ஏஐஎம் (AIM) அந்தப் பெயருக்குள் ஒளிந்திருப்பதாக ஏஓஎல் நிறுவனம் மல்லுக்கட்டவே, 2007இல் பிட்ஜின் ஆனது. அந்த ஏஐஎம் 2017இல் இழுத்து மூடப்பட்டது. யாகூ மெசஞ்சர் 2018இல், ஐசிக்யூ 2024இல். பிட்ஜினிடம் எல்லா வீட்டுச் சாவியும் இருக்கிறது, வீடுகளைத்தான் காணோம்.

படி 2: மனம் தளராமல் ஐஆர்சிக்குப் போங்கள். 1988இல் பின்லாந்தில் பிறந்த அரட்டை முறை அது. ஏதாவதொரு சேனலில் நுழைந்து "வணக்கம்" சொல்லுங்கள். நூற்றுக்கணக்கானோர் உள்ளே இருப்பதாகக் காட்டும். ஒருவரும் வாய் திறக்கமாட்டார். நீங்கள் கணினியை அணைத்ததும் பதில் வரும். ஆளில்லாத நேரத்தில் வந்ததை எடுத்துவைக்கும் வழக்கம் ஐஆர்சிக்குக் கிடையாது.

படி 3: எக்ஸ்எம்பிபி என்ற அரட்டை நெறிமுறையில் கணக்கு தொடங்குங்கள். மின்னஞ்சல் போலவே, எந்த வழங்கியில் இருப்பவரும் எந்த வழங்கியில் இருப்பவரோடும் பேசலாம். 2005இல் வந்த கூகுள் டாக்கும் இந்த நெறிமுறையில்தான் பேசியது. கூட்டம் சேர்ந்ததும் கூகுள் ஹேங்அவுட்ஸ் என்று தனிக்குடித்தனம் போய்விட்டது. அதற்கான செயலியாக கஜிம் அல்லது டினோவை நிறுவிக்கொள்ளுங்கள். தொடர்புப் பட்டியலில் இருவர் தெரிவார்கள்: நீங்கள், சோதனைக்காக நீங்களே தொடங்கிய இன்னொரு கணக்கு.

படி 4: மேட்ரிக்ஸ் வலையமைப்புக்கு எலிமென்ட் நிறுவுங்கள். மீட்பு விசை என்று ஒரு நீளமான எழுத்துக்கோவை தரும். பத்திரப்படுத்துங்கள். தொலைத்துவிட்டுப் புதுக் கணினியில் நுழைந்தால், "சாப்பிட்டாச்சா?" என்று போன மாதம் வந்த செய்தியை உங்களாலேயே படிக்கமுடியாமல் போகலாம்.

படி 5: ஐபஸ், எம்17என் இரண்டையும் நிறுவித் தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். இனி தமிழிலும் தட்டச்சலாம். யாருக்கு என்று கேட்காதீர்கள்.

படி 6: சித்தி தொலைபேசியில் கூப்பிடுவார். "காதுகுத்துப் பத்திரிகையை குரூப்புல போட்டேனே, பாக்கலையாடா?" உலாவியில் வாட்ஸ்அப் வெப் திறந்து, கைபேசியால் கியூஆர் குறியீட்டைப் படம்பிடியுங்கள். லினக்ஸுக்கென்று வாட்ஸ்அப் தனிச்செயலி தரவில்லை, இதுதான் வாசல். கைபேசியை 14 நாள் தொடாமல் விட்டால் அதுவும் அடைபடும்.

ஆறு படி ஏறியும் வாட்ஸ்அப்பிலேயே நிற்கிறோமே என்று லினக்ஸை வையாதீர்கள். அதில் செயலிக்குப் பஞ்சமே இல்லை. பூட்டு உங்கள் கணினியில் இல்லை. ஊரே ஒரு நிறுவனத்தின் கூரைக்கடியில் குடியிருப்பதுதான் பூட்டு. ஆகவே அடுத்த மென்பொருளைத் தேடுமுன் சித்தியின் கைபேசியில் எலிமென்ட்டைப் போட்டுக்கொடுத்து, கூடவே உட்கார்ந்து பழக்கிவிடுங்கள். அதற்கு முனையத்தில் கட்டளை எதுவும் இல்லை, நேரில்தான் போகவேண்டும்.